பதினைந்து நாள் என்பது எத்தனை நாள்?

"பதினைந்து நாளில் தந்துவிடுகிறோம்" என்னும் வாக்கைக் கேளாத இல்லம் நம்மிடையே ஒன்றேனும் உண்டோ? பெருநாளுக்குத் துணி தைக்கக் கொடுத்தவர் கேட்டிருப்பார்; வீட்டைக் காலி செய்துவிட்டு முன்பணத்திற்காக அலைந்தவர் கேட்டிருப்பார்; சான்றிதழ் ஒன்றுக்கு மனுப் போட்டுவிட்டு அலுவலக வாயிலில் நின்றவர் கேட்டிருப்பார். பள்ளிவாசல் இமாமும் தம் சம்பள பாக்கி குறித்து நிர்வாகியின் வாயிலிருந்து இதையே கேட்டிருப்பார். கேட்டவர் தலையசைத்துத் திரும்புகிறார். எந்த நாளிலிருந்து பதினைந்து, பதினைந்தாம் நாளின் காலையா மாலையா, அன்று விடுமுறையாயின் முந்திய நாளா பிந்திய நாளா என்று அவரும் கேட்பதில்லை; சொன்னவரும் அதை எண்ணிச் சொன்னவரில்லை.

பதினைந்து நாள் என்பது ஓர் அளவை. படியைப் போல, முழக்கோலைப் போல, தராசுக் கல்லைப் போல அதுவும் ஓர் அளவை. படியின் அடியில் மெழுகை ஒட்டி அளப்பவனைத் திருடன் என்று சொல்லத் தயங்காத நாம், பதினைந்து நாளின் அடியில் மெழுகை ஒட்டுபவனுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயரை மறுக்கிறோம்? இக்கேள்வியை நம் சமுதாயத்தின் முன், குறிப்பாகக் கடையும் தொழிலும் நடத்தும் பெருமக்களின் முன் வைக்கவே இதை எழுதுகிறோம். சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

சில திங்களுக்கு முன் துணிக்கடையொன்றில் விற்பனையாளராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். கையில் பள்ளிக்கூடக் குறிப்பேடு ஒன்று. மனைவி எழுதிவைத்த வீட்டுக் கணக்கு அது. "ஐயா, இரண்டு வருஷமாக எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை" என்றார். வேலைக்குச் சேர்ந்தபோது பேசிய பேச்சு இதுதான்: வார ஓய்வு நாளையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 ரூபாய், இரு வாரத்திற்கு 7,000 ரூபாய், பதினைந்து நாளுக்கொருமுறை கையில் தரப்படும். மாதத்தின் முதல் தேதியும் பதினாறாம் தேதியும் அந்த ஏழாயிரம் தவறாது வந்துகொண்டிருந்தது. முதலாளி ஒரு நாளும் தாமதித்ததில்லை என்று அவரே சான்று கூறினார்.

ஓட்டை எங்கே என்பதை நாம் காண அதிக நேரம் பிடிக்கவில்லை. மாதத்திற்கு இருமுறை என்றால் ஆண்டிற்கு 24 தடவை. இரு வாரத்திற்கு ஒருமுறை என்றால் ஆண்டிற்கு 26 தடவை, அதற்கு மேலும் ஒரு நாள் மிச்சம். பேசியது இரு வாரக் கூலி, கொடுத்தது மாதமிருமுறை. 24 ஏழாயிரங்கள் 1,68,000 ரூபாய். 26 ஏழாயிரங்கள் 1,82,000 ரூபாய். ஆண்டொன்றுக்கு 14,000 ரூபாய், அதாவது இரண்டு முழுக் கூலி, "பதினைந்து நாள்" என்னும் ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கிடையே விழுந்து மறைந்துவிட்டது. இரண்டு ஆண்டில் 28,000 ரூபாய். அந்த வீட்டின் குறிப்பேட்டில் மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நிலுவையாக எழுதப்பட்டிருந்த தொகைகளைக் கூட்டினால் அதற்கும் குறைவாகவே இருந்தது.

கடைக்காரரைச் சந்தித்தோம். நல்லவர், நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை அனுப்புகிறவர். நம் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பதினைந்து நாள் என்றால் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கத்தானே செய்யும்?" என்றார். இதே பெருமகன்தான் சென்ற ரமளானில் பிறை விவகாரத்தின்போது ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் நோன்பே வீண் என்று தொண்டை கம்மப் பேசியவர். அன்று அவர் பேசியதில் நமக்கு மறுப்பில்லை. ஒரு நாள் என்பது ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் பள்ளிவாசலில் இமயம் போலவும் கடையில் எள்ளைப் போலவும் தோன்றுவது எப்படி என்றுதான் நமக்கு விளங்கவில்லை.

பிறையைக் குறிப்பிட்டுவிட்டோம். அதைப் பற்றியும் சற்றே பேசத்தான் வேண்டும். ஏனெனில் பதினைந்து நாள் என்னும் அளவை பிறந்த இடமே அதுதான். திங்கள் என்னும் ஒரே சொல்லால் வானத்து நிலவையும் மாதத்தையும் அழைக்கிறது தமிழ். அதன் பாதி அரைத்திங்கள். அம்மாவாசையிலிருந்து அடுத்த அம்மாவாசை வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம் ஆகிறது. அதைப் பாதியாக்கினால் 14 நாள், 18 மணி, 22 நிமிடம். ஆக, அரைத்திங்கள் என்பது பதினான்குமன்று, பதினைந்துமன்று; பதினான்கே முக்கால் நாளுக்குச் சற்று மேல். அதுவும் சராசரிதான். நிலவு தன் பாதையில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லையாதலால், அம்மாவாசைக்கும் பூரணைக்கும் இடைப்பட்ட காலம் சில வேளை பதினான்கு நாளுக்குச் சற்றுக் குறைந்தும், சில வேளை பதினைந்தரை நாள் வரை நீண்டும் அமைகிறது. பட்சம் என்று பஞ்சாங்கக்காரர் சொல்வதில் பதினைந்து திதிகள் உண்டு. ஆனால் திதி ஒன்று ஒரு நாளுக்குச் சமமன்று.

அப்படியானால் வானமே தடுமாறும் அளவையில் மனிதன் ஒரு நாள் தடுமாறினால் என்ன என்று கடைக்காரர் கேட்கக் கூடும். இங்கேதான் உண்மை வேறாக இருக்கிறது. வானத்து அரைத்திங்கள் கூடினாலும் குறைந்தாலும் எல்லாருக்கும் ஒன்றாகவே கூடிற்று, ஒன்றாகவே குறைந்தது. முதலாளிக்கு ஒரு நிலவும் கூலியாளுக்கு வேறொரு நிலவும் உதித்ததில்லை. எழுத்தறியாத விதவை கூடத் தன் குடிசை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, தவணை வந்துவிட்டதா இல்லையா என்று அறிய முடிந்தது. பிறைகளை மக்களுக்குக் காலம் காட்டும் அளவைகளாகத் திருமறை அறிமுகம் செய்வதன் பொருள்களில் இதுவும் ஒன்று என நாம் எண்ணுகிறோம். வணிகரின் தராசுக் கல்லுக்கு எடையளவு அதிகாரி வந்து முத்திரையிடுகிறார். பதினைந்து நாளுக்கு நிலவே முத்திரையாக இருந்தது. இன்றோ நிலவைப் பார்த்துக் கூலி கொடுப்பார் எவருமிலர். அந்த அளவை பேரேட்டுக்குள் புகுந்துகொண்டது. பேரேடு முதலாளியின் மேசைக்குள் இருக்கிறது.

அரபு நாட்டு எழுத்தர்கள் இக்காரியத்தில் காட்டிய பேணுதலை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. அவர்கள் கடிதத்திலும் பத்திரத்திலும் தேதியிடும் முறையே தனி. மாதத்தின் முற்பாதியில், இத்தனை இரவுகள் கழிந்தபோது என்று எழுதுவர். நடு நாளை, மாதத்தின் பாதியில் என்பர். பிற்பாதி வந்ததும் கணக்கைத் திருப்பி, இத்தனை இரவுகள் எஞ்சியிருக்க என்று எழுதுவர். இதிலும் அவர்களில் சிலருக்கு ஒரு மனவுறுத்தல் இருந்தது. மாதம் 29 நாளில் முடியுமா 30 நாளில் முடியுமா என்பது பிறை தெரியும் வரை ஒருவருக்கும் தெரியாதே; அப்படியிருக்க இத்தனை இரவுகள் எஞ்சியுள்ளன என்று உறுதியாக எழுதுவது அறியாததை அறிந்ததாகச் சொல்வதாகாதா? ஆகவே "எஞ்சியிருந்தால்" என்று ஐயச் சொல் சேர்த்து எழுத வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். ஒரே ஓர் இரவுக்காக! வராத நாளை வந்ததாக எண்ண அஞ்சியது அவர்களின் பேனா. வந்துபோன நாளையே வராததாக எண்ணுகிறது நம் பேரேடு.

இரவுகளால் எண்ணும் வழக்கம் அரபியரோடு முடிந்ததன்று. பழைய ஜெர்மானியர் பகல்களை எண்ணாமல் இரவுகளையே எண்ணினர் என்று ரோமாபுரி வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த வழிவந்த ஆங்கிலேயர் வாயில் "பதினான்கு இரவுகள்" என்னும் தொடர் சுருங்கிச் சுருங்கி "ஃபார்ட்நைட்" ஆயிற்று. பிரெஞ்சுக்காரரோ அதே இரு வாரத்தைப் பதினைந்து நாள் என்பர். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணுவதால் வந்த பதினைந்து அது. நாமும் பதினைந்து நாள் என்றே சொல்கிறோம். இது ஏதோ சொல்லாராய்ச்சி என்று வாசகர் தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டுச் சட்டங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அங்கே பதினான்கு இரவாக இருக்கும் சொல் நம் தெருவுக்கு வரும்போது பதினைந்து நாளாகிவிடுகிறது. வழியில் விழும் அந்த ஒரு நாளை யார் எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டால், எப்போதும் கொடுக்க வேண்டியவரே எடுத்துக்கொள்கிறார்.

சட்டத்தின் பேச்சு வந்ததால் அண்மைக் காலச் செய்தியொன்றைச் சொல்லிவிடுகிறோம். 2019இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, கூலிக் காலத்தை நாள், வாரம், இரு வாரம், மாதம் என நான்காகப் பகுத்திருக்கிறது. நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலும், வாரக்கூலியை வார ஓய்வுக்கு முந்திய கடைசி வேலை நாளிலும், இரு வாரக் கூலியை அக்காலம் முடிந்த இரண்டாம் நாள் முடிவதற்குள்ளும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். பதினைந்து நாள் கணக்கில் ஆள் வைத்திருக்கும் நம் கடைக்காரர்களில் எத்தனை பேர் அந்த இரண்டு நாள் கெடுவைக் கேள்வியுற்றிருக்கிறார்கள்? வேலையை விட்டு நின்றவருக்கோ நிறுத்தப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. நம் கடைகளில் நின்றுபோன பையன் தன் பாக்கிக்காக நடக்கும் நடையை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

தனியாரை மட்டும் குறை கூறி அரசாங்கத்தை விட்டுவிட்டோம் என்று சொல்வதற்கு இடந்தரலாகாது. நூறு நாள் வேலை என்று ஊர்ப்புறம் அறிந்த திட்டத்திற்குரிய 2005ஆம் ஆண்டுச் சட்டம், கூலியை வாரந்தோறும், எப்படியாயினும் வேலை செய்த நாளிலிருந்து இரு வாரத்திற்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும் என விதித்தது. வேலை கேட்டு மனுக் கொடுத்தவருக்குப் பதினைந்து நாளுக்குள் வேலை தர வேண்டும், தராவிடில் உதவித் தொகை தர வேண்டும் என்றும் விதித்தது. ஒரே சட்டத்தில் கூலிக்குப் பதினான்கு இரவு, வேலைக்குப் பதினைந்து நாள்! கூலி தாமதமானால் வருகைப் பதிவேடு முடிந்த பதினாறாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. ஆயிரம் ரூபாய்க் கூலிக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு. மேலும் ஒரு பதினைந்து நாள் தாமதித்தால் ஏழரை ரூபாய். கடைத்தெருவில் ஒரு தேநீருக்கும் அது காணாது.

அதையும் கொடுப்பதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. தாமதத்தை இரண்டாக வெட்டினார்கள். மாநிலத்தின் ஏடுகளில் நடக்கும் தாமதம் ஒன்று. அதன் பின் மத்திய அரசிடமிருந்து பணம் இறங்கும் வரை நடக்கும் தாமதம் மற்றொன்று. முதலாவதற்கே இழப்பீடு கணக்கிட்டார்கள். இரண்டாவதைத் தாமதம் என்றே எண்ணவில்லை. மண் வெட்டிய பெண்ணுக்குப் பசி இரண்டு கட்டமாக வருவதில்லை. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தப் பகுப்பை ஏற்க மறுத்து, கூலி தொழிலாளியின் கணக்கில் சேரும் வரை உள்ள முழுத் தாமதத்திற்கும் இழப்பீடு உண்டு என்று தெளிவாக்கிற்று. 2025 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் நாடாளுமன்றம் வேறொன்றை இயற்றிவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். பதினைந்து நாளை இரு துண்டாக்கி ஒரு துண்டை ஒளித்துவைக்கும் அந்த எழுதுகோலின் பழக்கம் மாறிற்றா என்பதே நம் கவலை.

இதே பதினைந்து நாள் எதிர்த்திசையில் செல்லும்போது எவ்வளவு இறுக்கமாகி விடுகிறது பாருங்கள். வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ இல்லாவிடில், மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்புப் போதும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம். அறிவிப்பு அனுப்பும் வீட்டுக்காரர் அப்பதினைந்தை விரல்விட்டு எண்ணுகிறார். பதினாறாம் நாள் காலையில் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்துவிட வேண்டும். அவரே முன்பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்ட பதினைந்து நாளோ மூன்று திங்களாக நீள்கிறது. வாங்கும்போது இரும்புக் கோல். கொடுக்கும்போது இழுவை நாடா. தாம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோரைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. எண்பத்து மூன்றாவது, அல் முதஃப்பிஃபீன். அதை ஓதும்போது நம் நெஞ்சில் தானியக் கடைக்காரரின் படிதான் தோன்றுகிறது. நாட்காட்டி தோன்றுவதில்லை. ஏன் தோன்றவில்லை? நாளும் அளக்கப்படும் பொருளல்லவா?

மார்க்கத்தில் பதினைந்து நாள் என்றொரு கணக்கே இல்லை, இதற்குள் திருமறையை இழுப்பானேன் என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். மாதத்தை இரு பட்சமாகக் கூறுபோடும் வழக்கம் நம் மார்க்கத்தில் இல்லையென்பது மெய்தான். ஆயினும் அந்த நண்பர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர். பயணம் சென்ற ஊரில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்குவதாக நிய்யத் செய்தால் முழுத் தொழுகை. அதற்குக் குறைந்தால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் கஸ்ர். இதை அவர் சிறு வயதிலேயே ஓதியறிந்தவர். ஷாஃபி மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் என்பது கணக்கு. ஒருவர் முஸாஃபிரா முகீமா, வழிப்போக்கரா குடியிருப்பவரா என்பதையே பதினைந்து நாள் தீர்மானிக்கும் அளவுக்கு அந்த எண்ணுக்கு அங்கே எடை தரப்பட்டிருக்கிறது. பதினான்கு வேறு, பதினைந்து வேறு. முன்னே பின்னே என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அச்சட்டத்திலேயே இன்னொரு நுட்பம் உண்டு. காரியம் இன்று முடியும், நாளை முடியும் என்று எதிர்பார்த்தபடி ஒருவர் ஓர் ஊரில் தங்கினால், ஹனஃபிச் சட்டப்படி மாதங்கள் ஆண்டுகள் ஆனாலும் அவர் வழிப்போக்கர்தாம். உறுதியாகத் தங்கும் எண்ணம் இல்லாதவருக்குக் குடியிருப்பு இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம், கூலிக்கும் பாக்கிக்கும் சான்றிதழுக்கும் இன்று நாளை என்று வாயில்களில் காத்து நிற்போரே நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் எந்தச் செலவையும் திட்டமிட முடியாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குத் தேதி சொல்ல முடியாது. மகளின் நிக்காஹுக்கு நாள் குறிக்க முடியாது. சொந்த ஊரில், சொந்த வீட்டில் அவர்கள் முஸாஃபிர்களாக ஆக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களை அப்படி ஆக்கியவர் தம் வீட்டில் நிம்மதியாக முழுத் தொழுகை தொழுகிறார்.

கூலியைத் தாமதிக்கலாகாது என்னும் நபிமொழியை நாம் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. வியர்வையையும் கூலியையும் இணைத்துப் பேசும் அந்தப் பொன்மொழி ஒவ்வொரு மே தினத்தன்றும் நம் மேடைகளில் முழங்குகிறது. முழங்குவோர் சிலரின் கடைச் சிப்பந்திகள் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பதும் உண்டு.

வணிகத்தின் இடர்ப்பாடுகளை நாம் அறியாதவர்கள் அல்லர். சரக்குக் கொடுத்த இடத்தில் பணம் முடங்குகிறது. பெருங்கம்பெனிகள் சிறு கடைக்காரருக்குத் தவணை தர மறுக்கின்றன. பெருநாள் போனால் கல்லாவில் ஈயாடுகிறது. கையில் இல்லாத நாளில், இல்லை, இன்ன தேதியில் தருகிறேன் என்று சொல்வதற்கு எந்தத் தடையுமில்லை. தேதியைச் சொல்லுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள். தேதி சொன்னவர் தம்மைக் கட்டிக்கொள்கிறார். பதினைந்து நாள் என்று சொன்னவர் எதிரிலிருப்பவரைக் கட்டிப்போடுகிறார். கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். கூலி பாக்கியும் கடன்தானே?

இன்னொரு சாராரும் உண்டு. ஸகாத் கணக்கில் இவர்களின் நுணுக்கத்தை நாம் மெச்சியிருக்கிறோம். சந்திர ஆண்டு 354 நாள், ஆங்கில ஆண்டு 365 நாள். பதினொரு நாள் வித்தியாசத்தால் ஆங்கில ஆண்டுப்படி கணக்கிடுவோர் இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 2.577 விழுக்காடு கொடுக்க வேண்டும் என்று தசம புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை சொல்வார்கள். பாராட்டத்தக்க பேணுதல். அந்தப் பேனாவையே எடுத்துத் தம் சிப்பந்தியின் இருபத்துநான்குக்கும் இருபத்தாறுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைக் கணக்கிட ஒரு மாலைப் பொழுது போதும். ஏழைக்குக் கொடுக்கும் தர்மத்தில் தசமம் பார்க்கிறவர், ஏழைக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் முழு எண்ணைக் காணாதிருப்பதை என்னென்பது? அந்தச் சிப்பந்தியே பின்னர் அவரிடம் ஸகாத் வாங்க வரிசையில் நிற்கிறான். தன் கூலியைத் தர்மமாக வாங்கிக்கொண்டு துஆச் செய்துவிட்டுப் போகிறான்.

பள்ளிவாசல்களின் நிலைமையை மறைத்து எழுத நமக்கு மனமில்லை. ஐந்து வேளையும் நேரம் தவறாமல் நிற்பவர் இமாம்; நிமிடம் தவறாமல் பாங்கு சொல்பவர் மோதினார். அவர்கள் ஒரு நிமிடம் பிந்தினால் முதல் ஸஃப்பில் கைக்கடிகாரங்கள் உயர்கின்றன. அவர்களின் சம்பளம் இருபது நாள் பிந்தினால் எந்தக் கடிகாரமும் உயர்வதில்லை. சந்தா வரவில்லை, வக்ஃபுக் கடை வாடகை வரவில்லை, பதினைந்து நாள் பொறுங்கள் என்கிறார்கள். அந்த வக்ஃபுக் கடைகளில் வாடகை பாக்கி வைத்திருப்பவர் நிர்வாகக் குழுவிலேயே இருப்பதும் உண்டு. தொழுகை நேர அட்டவணையை வண்ணத்தில் அச்சிட்டுச் சுவரில் தொங்கவிடும் நிர்வாகம், அதன் அடியில் இமாம், மோதினார் சம்பளத் தேதி இன்னது என்று ஒரு வரி சேர்த்து அச்சிடட்டும். ஊரார் அனைவரும் பார்க்கும் இடத்தில் அது இருக்கட்டும். பிறை எல்லார் கண்ணிலும் படும்படி இருந்ததைப் போல.

துணிக்கடை இளைஞரின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டோம். கடைக்காரர் நம் கணக்கை இறுதியில் ஒப்புக்கொண்டார். மறுக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. இனிமேல் மாதச் சம்பளமாகப் பேசிக்கொள்வதாகவும், முந்திய இரண்டாண்டு நிலுவையைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு முடிவு சொல்வதாகவும் கூறினார். எப்போது என்று கேட்டோம். பழக்கம் அவரை விடவில்லை; அந்தச் சொல்லையே சொன்னார். நாம் மேசை மேலிருந்த நாட்காட்டியை எடுத்து அவர் முன் திருப்பி வைத்தோம். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமையைப் பேனாவால் வட்டமிட்டார். அந்தத் திங்கட்கிழமை போய் இன்றோடு ஒன்பது நாளாகிறது. இளைஞர் நேற்றும் வந்திருந்தார்.